மேசை வாடகைக்கு ஒரு கணக்கு வேண்டும்: கனடா, ரொறன்ரோவின் ஸ்காபரோ அழகு நிலைய உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

உங்கள் நிலையங்களில் ஒரு மேசையை வாரவாடகைக்கு எடுத்து, சொந்தப் பொருட்களோடும் சொந்த வாடிக்கையாளர்களோடும் நக அலங்காரத் தொழில் செய்யும் நெயில் டெக்னீஷியன்களில் ஒருத்தியாக இதை எழுதுகிறேன். வாடகையைக் கூட்டவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டட வாடகையும் அதனோடு வரும் சொத்துவரி, காப்புறுதி, பராமரிப்புக் கட்டணங்களும் ஏறும்போது அந்தச் சுமை முதலில் உங்கள் தலையில்தான் விழுகிறது. அந்த ஏற்றத்தில் எங்கள் மேசையின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்குக் காட்டிச் சொல்லுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போது பல இடங்களில் நடப்பது வேறு. ஒருத்தியின் முன்பதிவுப் புத்தகம் நிரம்பத் தொடங்கியதும் அவளுடைய மேசைக்கு மட்டும் வாடகை கூடுகிறது. அதுவும் வாய்ச்சொல்லாக, அடுத்த வாரத்திலிருந்தே. இது நியாயமில்லை. பனி கொட்டி ஒருவரும் வராத தை, மாசி வாரங்களிலும் நாங்கள் முழு வாடகையையும் கட்டுகிறோம். நட்டம் முழுவதும் எங்களுடையது என்றால், உழைத்துச் சேர்த்த வாடிக்கையாளரால் வரும் இலாபமும் எங்களுடையதாகவே இருக்க வேண்டும். வருமானத்தில் பங்கு வேண்டும் என்பவர்கள் வெளிப்படையாகக் கமிஷன் முறைக்கு மாறலாம். அப்போது வருமானம் குறையும் மாதத்தில் அவர்களுடைய பங்கும் குறையும்.

கணக்குப் போடுவது கடினமல்ல. எடுத்துக்காட்டாக, ஒரு நிலையத்தின் மாதச் செலவு, கட்டட வாடகை, மின்சாரம், தண்ணீர், காப்புறுதி, துப்புரவு எல்லாம் சேர்த்து, 7,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். பொது இடத்தில் உரிய பங்கையும் சேர்த்து நக மேசைக்குப் பத்தில் ஒரு பகுதி என்றால் மாதம் 700 டொலர் வருகிறது. வரவேற்பாளரின் உதவி, துவாய் சலவை, மேசையருகே நகப்பூச்சை நீக்கும் அசெற்றோன், செயற்கை நகத்துக்கான அக்ரிலிக் ஆகியவற்றின் ஆவியையும் தூசியையும் இழுத்து வெளியேற்றும் காற்றோட்டக் கருவி ஆகியவற்றை நீங்கள் தருவதானால், அவற்றுக்கும் உங்கள் நியாயமான இலாபத்துக்கும் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் தர்க்கம் செய்ய மாட்டோம். ஆனால் காற்றோட்டமே இல்லாத மூலைக்கும் அதே வாடகை கேட்கப்படும்போது, எங்கள் மூச்சுக்கும் சேர்த்து நாங்களே விலை கொடுக்கிறோம்.

கேட்கும் தொகையில் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி அடங்குமா என்பதையும் முதலிலேயே எழுதித் தாருங்கள். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அது 13 சதவீதம். ஆண்டுக்கு 30,000 டொலருக்குள் தொழில் செய்து, வரிக்குப் பதிவு செய்யாதிருக்கும் பெண்ணுக்கு அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. அதோடு, சுயதொழில் செய்பவர் என்பதால் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் பங்கையும் அவளே கட்ட வேண்டியிருக்கிறது.

குடியிருப்பு வாடகைக்கு இம்மாகாணத்தில் வரம்பு உண்டு: பெரும்பாலான வீடுகளுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், 2025ஆம் ஆண்டுக்கான உச்ச ஏற்றம் 2.5 சதவீதமாக இருந்தது. எங்கள் மேசைக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதனால்தான் சட்டம் கட்டாயப்படுத்தாததை உங்களிடம் ஒப்பந்தமாகக் கேட்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாடகையும் வாங்கிக்கொண்டு, வேலை நேரத்தையும் சேவைக் கட்டணத்தையும் விடுமுறையையும் நீங்களே தீர்மானித்தால், அவள் வாடகையாளர்தானா என்ற கேள்வி எழும். ஊழியரை ஊழியர் அல்லர் என்று காட்டுவதை ஒன்ராறியோவின் தொழில் நியமச் சட்டம் தடை செய்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெயரைவிட நடைமுறையில் யார் எதைத் தீர்மானிக்கிறார் என்பதே அங்கு முக்கியம். இதை அச்சுறுத்தலாகச் சொல்லவில்லை. வாடகை என்றால் அதற்குரிய சுதந்திரமும் எங்களுக்கு வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே, அடுத்த ஏற்றத்துக்கு முன் ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும், 90 நாள் அறிவித்தலோடு, எல்லா நக மேசைகளுக்கும் ஒரே விதியின்படி கூட்டுங்கள். உங்கள் செலவு எவ்வளவு ஏறியது என்பதைக் காட்டும் ஒரு பக்கக் கணக்கை அந்த அறிவித்தலுடன் இணையுங்கள். புதிய வாடகை ஒருத்திக்குக் கட்டுப்படியாகாவிட்டால், அந்த 90 நாளுக்குள் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வேறிடம் பார்க்க அவளுக்கு அவகாசம் இருக்கும். உங்களுக்கும் மேசை வெறுமையாகக் கிடக்காது.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் மேசை வாடகைக்குத் தொழில் செய்யும் ஒருத்தி