பழி முடிக்க வந்தவன் வாளைக் கீழே போடும் முன்: சரித்திரத் தொடர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய சரித்திரத் தொடர் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதும் அத்தியாயங்களை விடாமல் படித்துவரும் வாசகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். தந்தையைக் கொன்ற மன்னனைப் பழிவாங்கச் சபதமேற்ற இளவரசன் வணிகன் வேடத்தில் பகைவன் கோட்டைக்குள் நுழைகிறான். நந்தவனத்தில் அம்மன்னனின் மகளைக் காண்கிறான். அடுத்த இரண்டு அத்தியாயங்களுக்குள் சபதம் காற்றில் பறந்துவிடுகிறது. பழி காதலுக்கு வழிவிடும் கதை எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் பல அத்தியாயங்களாக வளர்த்த பகை ஒரு கடைக்கண் பார்வையில் கரைந்துபோனால், அது உண்மையிலேயே பகைதானா என்ற ஐயம் எழாதா? சிறையெடுக்கப்பட்டவள் சிறையெடுத்தவனிடமே மனத்தைப் பறிகொடுக்கும் கதைகளைப் பற்றி இங்கே பேசவே விரும்பவில்லை.

சோழருக்கும் மேலைச் சாளுக்கியருக்கும் இருந்த பகையைச் சற்று ஊன்றிப் பாருங்கள். சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை, அச்செய்தி பொறித்த எழுத்துகளோடு, தாராசுரத்திலிருந்து தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வந்து இன்றும் நிற்கிறது. அதே ராஜாதிராஜன் 1054-இல் கொப்பத்துப் போர்க்களத்தில் யானைமீது இருந்தபடியே உயிர் துறந்தான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டான். இன்னொரு தம்பி வீரராஜேந்திரன் பின்னாளில் கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை முறியடித்தான். இவ்வளவுக்கும் பிறகு, கொப்பத்தில் எதிர்நின்ற சாளுக்கிய மன்னன் ஆகவமல்ல சோமேசுவரனின் மகன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு அந்த வீரராஜேந்திரனே தன் மகளை மணமுடித்துக் கொடுத்தான்.

காரணம் அரசியல்தான். 1068-இல் ஆகவமல்லன் தீராத நோயால் துங்கபத்திரையில் இறங்கி உயிர்விட்டதும், அவன் மகன்கள் இரண்டாம் சோமேசுவரனுக்கும் விக்கிரமாதித்தனுக்கும் இடையே பூசல் மூண்டது. தம்பி விக்கிரமாதித்தனுக்குச் சோழனின் துணை தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். பெரியப்பாவைப் பலிகொண்ட படைக்கு உரியவன் அவளுக்கு மாமனார். அவனுக்குத் திதி கொடுக்கும் நாளில் கணவன் அருகே அவள் எந்த முகத்தோடு நின்றிருப்பாள்? பெரியப்பா பெயர்த்தெடுத்துச் சென்ற துவாரபாலகரைப் பற்றிக் கல்யாணபுரத்துப் பணிப்பெண்கள் அவள் காதுபடப் பேசாமலா இருந்திருப்பார்கள்?

விக்கிரமாதித்தனின் அவைப்புலவர் பில்கணர், அவனுடைய இன்னொரு மனைவியான கரகாடத்து இளவரசி சந்திரலேகையின் சுயம்வரத்தையும் காதலையும் சருக்கம் சருக்கமாகப் பாடியிருக்கிறார். சோழன் மகள் உடன்படிக்கையோடு வந்தவள். அவள் மனத்தைப் பாட அவருக்கு நேரமில்லை போலும். அந்த இடம் உங்களுக்காகவே காலியாக இருக்கிறது.

1070-இல் வீரராஜேந்திரன் மறைந்ததும், மைத்துனன் அதிராஜேந்திரனை அரியணையில் அமர்த்த விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்தான் என்கிறார் பில்கணர். ஒரு தலைமுறைக்கு முன் சாளுக்கியப் படை சோழ நாட்டை நோக்கி வருவதென்றால் அதற்கு ஒரே பொருள்தான். இப்போதோ அது மனைவியின் தம்பிக்கோ அண்ணனுக்கோ காவலாக வருகிறது. மனைவிக்காக வந்தானா, தனக்கு இணக்கமான ஒருவன் அரியணையில் இருக்கட்டும் என்று வந்தானா? வரலாற்றாசிரியர் இரண்டாவதைத்தான் சொல்வார்; நாவலாசிரியர் இரண்டையும் ஒரே மனத்துக்குள் வைத்துக் காட்டலாம். சில மாதங்களிலேயே அதிராஜேந்திரன் மாண்டு, முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறியபின், அவள் பிறந்த வீட்டு அரியணையோடு அவள் கணவன் நெடுங்காலம் பகைத்தான். காதல் வென்றது என்று நீங்கள் முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில் அவளுக்குத் தொல்லை புதிதாகத் தொடங்கியது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். உங்கள் நாயகன் பழியைக் கைவிடட்டும். அதற்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்பதையும் எழுதுங்கள். அவன் சபதத்தை நம்பி மகனைப் போருக்கு அனுப்பிய தாயும், உடன் வந்த படைத்தலைவனும் எங்கோ காத்திருப்பார்கள் அல்லவா? அவன் பகைவன் மகளை மணக்கப்போகும் செய்தி அவர்களை எட்டும் அத்தியாயத்தை, திருமண அத்தியாயத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்