சகாய சங்க ஆண்டறிக்கை: கலவறைச் சாவி

கனம் போதகர் ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, சபை மூப்பர்களே, தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற ஆண்டில் 12 மாதக் கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். 10 நடந்தன. மழை விடாததால் இரண்டு கூட்டங்கள் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். தணிக்கையாளர்கள் இருவரும் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆகவே ரூபாய்க் கணக்கை அவரிடம் விட்டுவிட்டு, இந்த ஆண்டு நாம் படித்ததையும் படித்ததனால் நமக்குள் நடந்ததையும் எழுதியிருக்கிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முழுவதும் உக்கிராணத்துவத்தைப் பற்றியே படிப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்திருந்தோம். முதல் கூட்டத்திலேயே பிள்ளைகள் தடுமாறினார்கள். கேரளத்துப் பாறசாலைப் பக்கம் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. லூக்கா 16-ஆம் அதிகாரத்தை அவர்கள் மலையாள வேதாகமத்தில் வாசித்தார்கள். அங்கே ‘காரியவிசாரகன்’ என்று இருந்தது. நாங்கள் தமிழில் வாசித்தோம். ‘உக்கிராணக்காரன்’ என்று இருந்தது. “உக்கிராணம்னா என்ன பாட்டா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் கேட்டது நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரிடம். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பந்திச் சாமான்கள் வைக்கும் கலவறையின் சாவி எத்தனையோ வருஷமாக அவரிடம்தான் இருக்கும்.

அவர் சொன்னார்: “மக்களே, கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி கலவறையில நான்தான் இருப்பேன். அரிசி மூடை, தேங்கா, பப்படம், பழக்குலை எல்லாம் என் கையில. கேட்டு வாறவனுக்கு அளந்து குடுப்பேன். அதுல ஒரு தேங்காகூட எனக்குள்ளது இல்ல. ஆனா பந்தியில ஒருத்தனுக்குப் பப்படம் கிடைக்கலன்னா வீட்டுக்காரரு என்னையத்தான் கேப்பாரு. எல்லாம் முடிஞ்ச பிறகு மிச்சம் என்ன இருக்குன்னும் கேப்பாரு.”

பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தை இவ்வளவு தெளிவாக எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. “மேலும், உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்” என்ற 1 கொரிந்தியர் 4:2-ஐ அன்றைக்குச் சேர்ந்து வாசித்துவிட்டுக் கலைந்தோம். அதன்பிறகு ஆண்டு முழுவதும் எங்கள் பேச்சு அந்தக் கலவறையைச் சுற்றியே வந்தது.

இன்னார் எவ்வளவு கொடுத்தார் என்பது நம் சபையில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வைத்துக்கொண்டோம், எதற்காக வைத்துக்கொண்டோம் என்று நாம் நம்மையே கேட்டதில்லை. மாற்கு 12-இல் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து பார்க்கிறார். ஐசுவரியவான்கள் மிகுதியாய்ப் போடுகிறார்கள், ஏழை விதவை இரண்டு காசு போடுகிறாள். அவர் பெட்டியில் விழுந்ததோடு வீட்டில் மீந்திருந்ததையும் சேர்த்து எண்ணினார். அதனால்தான் அவளுடைய இரண்டு காசு பெரிதாயிற்று.

இதற்கு ஒரு கணக்கையும் படித்தோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் ஒரு வருஷம் அவருக்கு 30 பவுண்டு வருமானம். 28 பவுண்டில் பிழைத்து 2 பவுண்டைக் கொடுத்தார். அடுத்த வருஷம் வருமானம் 60 ஆனது. அப்போதும் 28-இல் பிழைத்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வருமானம் நான்கு மடங்காக ஏறியும் வீட்டுச் செலவு இருந்த இடத்திலேயே நின்றது. பணத்தைப் பயன்படுத்துவது பற்றிய பிரசங்கத்தை அவர் 1760-இல் அச்சிட்டார்: இயன்ற மட்டும் சம்பாதி, இயன்ற மட்டும் சேமி, இயன்ற மட்டும் கொடு. முதல் இரண்டும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் விலை ஏறின வருஷங்களில் நாம் வீட்டுக்கு மேல் வீடு கட்டினோம். வளைகுடாப் பணம் வந்தபோது நகையும் கல்யாணப் பந்தலும் பெரிதாயின. 28-இல் நிறுத்தின வீடு ஒன்றாவது நம் சபையில் இருக்கிறதா என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானும்தான்.

மூன்றாவது கூட்டம் உயில் பற்றியது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வந்திருந்த வழக்கறிஞர் முதலில் சொன்னது, கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்பது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சமமாக. உயில் எழுதுவதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அந்த உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது. இதை நம்மில் பலர் அறியாமலே மருமகனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறோம்.

தர்ம காரியத்துக்குச் சொத்து எழுதிவைக்க ஆசைப்பட்ட நம் முந்தின தலைமுறைக்கு வேறொரு தடையும் இருந்தது. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் அப்படி எழுதினால், சாவதற்கு 12 மாதங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதிய 6 மாதத்துக்குள் சட்டப்படி ஒப்படைத்துவைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு சொன்னது. கேரளத்துக் கத்தோலிக்கக் குருவானவர் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. “இனி தடை உங்கள் மனதில் இருந்தால்தான் உண்டு” என்றார் வழக்கறிஞர்.

அப்புறம் அவர், கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தகப்பன் சொத்தில் சமபங்கு கேட்டுத் தொடுத்த வழக்குக்கு வந்தார். நம் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916-இல் வந்தது. அதன்படி மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய்; எது குறைவோ அது. நெய்யாற்றங்கரை போன்ற சில தாலுக்காக்களில் ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்திருந்தது. அந்தச் சட்டம் 1951-லிருந்தே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இங்கே என் சொந்தக் காரியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயலாளர் அறிக்கையில் இது வரலாமா என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன், எழுதும்படி சொன்னார்.

என் தகப்பனார் 1979-இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஒரு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான ரப்பரும் வீடும். அண்ணனும் நானும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டோம். அக்காவுக்குக் கல்யாணத்தில் போட்டதே போதும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. 1986-இல் தீர்ப்பு வந்தபோது பத்திரிகையில் வாசித்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். அண்ணனும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அந்த நிலத்து வருமானத்தில்தான் நான் மாதாமாதம் தசமபாகம் கொடுத்தேன், ஒரு பைசா குறையாமல். அந்தப் பத்தில் ஒன்றும் சரி, மற்ற ஒன்பதும் சரி, மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது.

அந்தக் கூட்டம் முடிந்து ஒரு வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. லூக்கா 19-இல் ஆயக்காரனான சகேயு முதலில் தரித்திரருக்குப் பாதி என்கிறான். அதே மூச்சில், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். முதல் பாதியை நாற்பது வருஷம் பிரசங்கமாகக் கேட்டேன். இரண்டாவது பாதி எனக்கு எழுதப்பட்டது என்று நினைக்கவே இல்லை.

அண்ணனிடம் பேசினேன். அவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை, மூன்றாம் நாள் “சரி, அளந்து விடுவோம்” என்றார். சர்வே பார்த்து, அக்காவின் பங்கைப் பாகப்பத்திரமாக எழுதி, சப் ரெஜிஸ்திரார் ஆபீஸில் பதிந்தோம். அக்காவுக்கு இப்போது 78 வயது. கோபப்படுவார்கள் என்று நினைத்தேன், அழுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: “கிணத்துப் பக்கத்து வருக்கைப் பிலாவு என் பக்கம் வருமாடே?” அந்தப் பலாமரம் அவர்கள் பக்கம்தான் வருகிறது. இத்தனை வருஷத்து வருமானத்தில் அக்காவுக்கு உரியதையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்து முடிக்கக் காலம் பிடிக்கும்.

இதைச் சொன்ன பிறகு, நம் சங்கத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் தங்கள் சகோதரிகளை அழைத்துப் பேசியிருப்பதாக அறிகிறேன். பெயர் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கொடுப்பதற்கு முன் கடனைத் தீர்ப்பது என்கிற பேச்சு அங்கே நிற்கவில்லை. யாக்கோபு 5:4-ஐ வாசித்தபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரருக்குக் கூலி பாக்கி வைப்பதைப் பற்றி ஒரு சகோதரர் எழுந்து பேசினார். ரப்பர் ஷீட் விற்ற பிறகு தருகிறேன் என்று சொல்லி, விலை ஏறட்டும் என்று ஷீட்டைப் புகைப்புரையிலேயே வைத்திருக்கிறோம். விலைக்காக நாம் காத்திருக்கலாம். அவருடைய வீட்டு அடுப்பு காத்திருக்குமா? மழைக்காலத்தில் வெட்டு இல்லாத மாதங்களுக்கு முன்பணம் கொடுப்பது, வெட்டுக் கூலியை வாரக் கடைசியில் தீர்ப்பது என்று தோட்டம் உள்ள உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டார்கள். இதைச் சங்கத் தீர்மானமாக எழுதவில்லை. கட்டாயம் வேண்டாம் என்பது பொது அபிப்பிராயம். 2 கொரிந்தியர் 9:7 சொல்வதும் அதுவே.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைபொருள்களை விடும் ஏலத்திலும் பழைய பாக்கிகள் இருந்தன. நேந்திரன் குலைக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும் உற்சாகத்தில் விலையை ஏற்றிக் கேட்டுவிட்டு, பணம் கட்டாமல் விட்டவை. இந்த முறை யார் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லவில்லை. பாக்கி உள்ளவர்கள் ஞாயிறு பள்ளி அறையில் வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடலாம் என்று மட்டும் அறிவித்தோம். பெரும்பகுதி வந்து சேர்ந்தது. அந்த வாரமே ஒரு சகோதரர், தான் வாங்கிக்கொடுத்த மின்விசிறியின் இறகில் எழுதியிருந்த தன் பெயரை மண்ணெண்ணெய் தொட்டு அவரே துடைத்துவிட்டுப் போனார். இனிமேல் பெஞ்சிலும் விசிறியிலும் பெயர் எழுதுவதில்லை என்று கமிட்டி ஒருமனதாக முடிவு செய்தது.

கைப்பிடி அரிசியைப் பெண்கள் ஐக்கிய சங்கம் மறுபடி தொடங்கியிருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனிப்பானையில் போடும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்தோடு நின்றுபோயிருந்தது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் (பிஷப்) தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் ஊழியம் செய்தபோது, மிகவும் ஏழைப் பெண்களும் இப்படி ஒரு பிடி எடுத்துவைத்தார்கள். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவர் அவர். நம்முடைய பெண்கள் எடுத்து வைத்த அரிசி மூன்று வீடுகளுக்கு மாதாமாதம் போகிறது. கொண்டுபோகிறவர்கள் இருட்டின பிறகு போகிறார்கள்.

இன்னொன்று. மாதச் சிட்டியில் ஒரு சகோதரருக்குச் சீட்டு விழுந்த அதே வாரம், வேறொரு உறுப்பினரின் மகனுக்கு அறுவை சிகிச்சை வந்தது. சீட்டு விழுந்தவர் தன் பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, “உனக்கு விழும்போது எனக்குத் தந்தா மதி” என்றார். வீட்டுக் கூரைக்காக அவர் ஒரு வருஷமாகக் காத்திருந்த பணம் அது. இந்த மழையிலும் அவர் வீட்டில் ஒழுகியது என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஆண்டு சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் இருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவர்களில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் பால்வெட்டுக்காரர். மரத்தின் அடியிலும் சிரட்டையிலும் சேரும் ஒட்டுப்பாலை விற்ற காசைச் சங்கத்துக்கென்று தனியாக வைத்துக் கொடுத்துவந்தவர். எழுந்து நின்று ஒரு நிமிடம் அவர்கள் இருவரையும் நினைவுகூர்வோம்.

மண்டபத்தை இலவசமாகத் தந்தவர்களுக்கும், தேநீர் தயாரித்த மாமிமார்களுக்கும், மலையாளத்தில் குறிப்பெடுத்து உதவிய வாலிபர்களுக்கும் நன்றி.

அடுத்த கூட்டம் வரும் இரண்டாம் ஞாயிறு மாலை 4 மணிக்கு. உயில் எழுத விரும்புகிறவர்கள் நிலத்துக்குக் கரம் (வரி) அடைத்த ரசீதும் ஆதார் நகலும் கொண்டுவர வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் வாங்காமல் வருகிறார். சாட்சிக்கு வருகிறவர்கள் உங்கள் உயிலில் பங்கு உள்ளவர்களாகவோ, பங்கு உள்ளவரின் கணவராகவோ மனைவியாகவோ இருக்கக் கூடாது. நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துவர ஜீப் ஏற்பாடு செய்திருக்கிறோம். வேண்டியவர்கள் இன்றே பெயர் கொடுக்கவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்