நாற்பது கிட்டியும் ஒரு எஸ்.எல்.ஆரும்

திருத்துறைப்பூண்டி பக்கம்,
ஐப்பசி 20

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அடைமழையில் தபால்காரர் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். உன் பேரன் ராணுவத்துக்குத் தேர்வாகிவிட்ட செய்தியை உரக்கப் படித்தேன். "தாத்தாவைப் போல லங்கர் பக்கமே சுற்றாமல் இருந்தால் சரி" என்றாள் வீட்டுக்காரி. அவளிடம் நம் பட்டாளச் சமையல்கட்டுக் கதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதே.

எந்தத் துப்பாக்கி குறி தவறாது, எது நம்பகமானது என்று பையன் கேட்கிறானாமே. இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறான். அங்கேதான் சிக்கல்.

இங்கே சம்பா தூர் கட்டுகிறது. எலித் தொல்லை தாங்கவில்லை. முந்தாநாள் வரப்பில் நாற்பது கிட்டி வைத்தோம், வில்போல் வளைத்து எலியை அடிக்கும் நம் தஞ்சாவூர் மூங்கில் பொறிதான். காலையில் எண்ணிப் பார்த்தால் மூன்றில் எலி இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது, வில் விடுபடவே இல்லை. மூன்றிலும் வண்டல் அப்பி இறுகியிருந்தது. வைத்தவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நாற்பதுக்கு மூன்று என்றால் மழைக்காலத்தில் நல்ல கணக்குதான்" என்றார். நம்பகம் என்பது இப்படி எண்ணிச் சொல்ல வேண்டிய விஷயம். ஒரு கிட்டி ஒரு எலியை அடித்ததைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பெருமை பேசக் கூடாது.

துப்பாக்கியிலும் அப்படித்தான். 2007இல் அமெரிக்க ராணுவம் நான்கு ரகங்களைப் புழுதியில் போட்டு, ஒவ்வொரு ரகத்திலும் 60,000 ரவுண்டு சுட்டுப் பார்த்தது. அவர்கள் வழக்கமாகத் தூக்கிய எம்4 சுடும்போது சிக்கிக்கொண்டது 882 முறை. இன்னொரு ரகமான எக்ஸ்எம்8 127 முறைதான். கேட்டதும் எம்4ஐத் தூக்கி எறியத் தோன்றும். ஆனால் அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன் நடந்த சோதனையில் அதே எம்4 சிக்கியது 307 முறை. துப்பாக்கி அதேதான், கணக்குதான் வேறு. ஒரு சோதனையை வைத்துக்கொண்டு அடித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அதனால்தான் எரிச்சல் வருகிறது.

குறி விஷயம் வேறு. நல்ல குழலும் நல்ல தோட்டாவும் அமைந்த ஏஆர் வகைத் துப்பாக்கி (எம்4இன் குடும்பம்) 100 மீட்டரில் ஐந்து ரவுண்டை 3 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடக்கிவிடும். ரஷ்யக்காரர்களின் ஏ.கே. உள்ளங்கை அகலம் கேட்கும். மூன்றே ரவுண்டு சுட்டுவிட்டு குரூப்பிங், அதாவது குண்டுகள் விழுந்த வட்டம், காட்டுகிறவனைப் பையன் நம்ப வேண்டாம். பத்துச் சுடச் சொன்னால் வட்டம் விரிந்துவிடும்.

ஏ.கே.யின் உள்ளுறுப்புகள் கொஞ்சம் தளர்வாக ஓடும், அதனால் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் சேஃப்டியைக் கீழே இறக்கினால் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் ஓரமாக ஒரு நீண்ட சந்து திறந்துகொள்ளும். ஏஆருக்கு அந்த இடத்தில் மூடி இருக்கிறது. நம் ஊர்ச் சேற்றில் இரண்டும் விழுந்தால் நான் மூடி உள்ளதையே எடுப்பேன். எலி குதிருக்குள் வந்தபின் கெட்டிக்காரத்தனம் காட்டுவதைவிட வளையை முதலிலேயே அடைப்பது மேல். அதே ஏஆர் வழி வந்த எம்16தான் வியட்நாமில் கெட்ட பெயர் வாங்கியது என்பதும் நினைவிருக்கட்டும். தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள், தோட்டா உட்காரும் சேம்பருக்குக் குரோம் பூசவில்லை, துடைக்கும் சாமான்களைக் கூடச் சரியாகக் கொடுக்கவில்லை. பழி முழுவதும் துப்பாக்கி மேல் விழுந்தது.

ராஜஸ்தான் சுடும் ரேஞ்சில் என் எஸ்.எல்.ஆர்., அப்போது நாம் தூக்கிய துப்பாக்கி, மக்கர் செய்ததே, நீ பக்கத்துப் பாயில் படுத்துச் சிரித்தாயே! சுடும்போது பொறியைத் தள்ளும் வாயுவுக்கு முந்தின ஆள் வைத்த அளவை மாற்றாமல் சுட்டது என் குற்றம். பயிற்சி கொடுத்த உஸ்தாத் என்னை மணலில் உட்கார வைத்தார். வாயு வெளியே போகும் துளையை முழுக்கத் திறந்துவிட்டு, ஒவ்வொரு ரவுண்டாகச் சுட்டு, காலித் தோட்டா ஒழுங்காகத் துள்ளி விழும்வரை சிறிது சிறிதாக மூடி, அதற்கு மேல் இரண்டு கிளிக். வாயு குறைந்தால் சிக்கும், கூடினால் தோளில் இடிக்கும். அன்றைக்கு மாலைவரை அது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கிளிக் விரலில் தட்டுகிறது.

2019இல் நம் ராணுவத்துக்கு 72,400 சிக் 716 துப்பாக்கி வாங்க ஒப்பந்தம் போட்டார்கள் அல்லவா, அதன் தோட்டா நம் எஸ்.எல்.ஆரின் அதே 7.62 x 51 மில்லிமீட்டர். நடுவில் நம் நாட்டு இன்சாஸ் துப்பாக்கியோடு சிறிய 5.56 தோட்டாவுக்குப் போய்விட்டு, பழைய தோட்டாவுக்கே திரும்பி வந்திருக்கிறோம். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். பையனுக்கு எது கையில் கிடைக்குமோ தெரியாது. எதுவானாலும் முதல் மாதத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்றி மாட்டப் பழகட்டும்.

மழை விட்டால் நாளை அந்த மூன்று கிட்டியையும் கழுவி மறுபடி வைப்பதாக இருக்கிறோம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு இருவரும் வாருங்கள்.

அன்புடன்,
கோவிந்தன்