மேய்ன் ரீட் வாழ்வில் விடுபட்ட இரண்டு பள்ளிக்கூடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சாகசக் கதையாசிரியர்களைப் பற்றி வெளிவரும் தொடரைத் தவறாமல் வாசித்து, கத்தரித்து, எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வருகிறேன். சென்ற வாரம் அதில் மேய்ன் ரீட் இடம்பெற்றதைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தேன். 31 ஆண்டுகள் புவியியல் பாடம் நடத்திய எனக்கு, அந்த அயர்லாந்துக்காரர் ஒருவகையில் சக ஆசிரியர். ஆனால் கட்டுரையைப் படித்து முடித்தபோது மனம் நிறையவில்லை. ரீட் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்ற செய்தி அதில் இல்லை. அவர் குண்டடி பட்டு விழுந்த கோட்டையே ஒரு பள்ளிக்கூடம்தான் என்பதும் இல்லை. இவ்விரண்டையும் எடுத்துவிட்டால், குதிரைமேல் வாளுடன் அமர்ந்திருக்கும் ஒரு வீரரின் படம் மட்டுமே மாணவர்களுக்கு மிஞ்சும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாமஸ் மேய்ன் ரீட் 1818 ஏப்ரல் 4 அன்று அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள டவுன் மாவட்டத்தில், பாலிரோனி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையின் போதகர். மகனும் தம்மைப் போலவே போதகராக வேண்டும் என்று விரும்பி பெல்ஃபாஸ்ட் நகரில் படிக்க வைத்தார். மகனுக்கோ அதில் நாட்டம் செல்லவில்லை. படிப்பை விட்டு ஊர் திரும்பியவர் அங்கே செய்த முதல் வேலை, சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியதுதான். 1839-ஆம் ஆண்டின் கடைசியில் கப்பலேறி, 1840 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே ஒரு தானிய வணிகரிடம் சேர்ந்து சில மாதங்களிலேயே விலகிவிட்டார். அடிமைகளைச் சவுக்கால் அடிக்க மறுத்ததுதான் காரணம் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பிறகு டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு அருகே ஒரு மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அப்பகுதியிலேயே சொந்தமாகவும் ஒரு பள்ளி தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

பள்ளி நிலைக்கவில்லையே தவிர, பள்ளியின் நினைவு அவரை விட்டுப் போகவில்லை. பிட்ஸ்பர்க் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் கவிதைகள் எழுதியபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஏழை மாணவன்'. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்கா மெக்சிகோவோடு நடத்திய போரின் முனையிலிருந்து நியூயார்க் இதழுக்குச் சொற்சித்திரங்கள் எழுதி அனுப்பியபோது வைத்துக்கொண்ட பெயர் 'எக்கோலியர்'. பிரெஞ்சு மொழியில் அதற்குப் பள்ளி மாணவன் என்று பொருள். தோளில் துப்பாக்கியோடு கூடாரத்தில் உட்கார்ந்து எழுதும் ஒரு படை அதிகாரி, தன் எழுத்துக்குக் கீழே பள்ளி மாணவன் என்று கையொப்பமிடுகிறார் என்றால், அவர் உள்ளம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

அவருடைய கதைகளை வாசித்தாலும் இதே உண்மை புலப்படும். துரத்தல் உச்சத்தில் இருக்கும்போதே கதையை நிறுத்தி, அங்கே நிற்கும் மரம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் காய் உண்ணத் தக்கதா, அந்தப் பறவை கூட்டை எதனால் பின்னுகிறது என்று பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். விமர்சகர்கள் பலருக்கு இது குறையாகவே பட்டது. வகுப்பறையில் நின்றவர்களுக்கு மட்டும் தெரியும், அது குறையன்று, தொழில் பழக்கம்.

தமிழ் மாணவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த விரும்புவோருக்கு இதில் ஓர் அருமையான வாயில் திறந்திருக்கிறது. 1850-களின் பிற்பகுதியில் அவர் எழுதிய 'தாவர வேட்டைக்காரர்கள்' என்ற நாவல் இந்தியாவில் நடக்கிறது. கார்ல், காஸ்பர் என்ற, ஜெர்மானிய நிலமான பவேரியாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் அரிய செடிகளைத் தேடி வங்காளத்தின் வழியாக இமயமலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஒஸ்ஸாரு என்ற இந்திய வேட்டைக்காரர். ஒஸ்ஸாருவின் வாய் சிவந்திருப்பதைக் காட்டி, 'இது இரத்தமா?' என்ற கேள்வியையே ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பாக்குகிறார் ரீட். விடை வெற்றிலை பாக்கு. இன்னோர் அத்தியாயம் முழுவதும் பனையில் சாறு இறக்குவதைப் பற்றியது. உலகிலேயே உயரமான புல் என்று மூங்கிலை அறிமுகம் செய்கிறது மற்றொன்று. இந்தியாவை ஒருநாளும் கண்ணால் கண்டிராத ஒருவர், நூல்களைப் புரட்டிப் புரட்டியே இதையெல்லாம் திரட்டினார்.

அந்தப் பனை அத்தியாயத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் தமிழில் சொல்லிக்காட்டினேன். எங்கள் பகுதி பனங்காட்டுப் பகுதி. வகுப்பில் பாதிப் பேர் பனையேறிகளின் பிள்ளைகள். கடைசி வரிசையில் எப்போதும் தலைகுனிந்தே இருக்கும் ஒரு மாணவன், அதுவரை பாடத்தில் ஒரு கேள்வியும் கேட்டிராதவன், எழுந்து நின்று, "கலயத்துல சுண்ணாம்பு தடவுனாங்களா சார்? தடவலன்னா அது பயினி இல்ல, கள்ளு" என்றான். பயினி என்பது எங்கள் பக்கத்தில் பதநீருக்குப் பெயர். வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. அன்று மீதி நேரம் முழுவதும் அவன்தான் பாடம் நடத்தினான்: தளைநாரைக் காலில் மாட்டுவது எப்படி, பாளையைச் சீவும் கத்தி எத்தனை கூர்மையாக இருக்க வேண்டும், ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னான். எங்கோ அயர்லாந்தில் பிறந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு மனிதர் ஒரு பனையேறியின் மகனுக்கு வாய் திறந்துவிட்டார் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

இனி, விடுபட்ட இரண்டாவது செய்திக்கு வருகிறேன். 1846 நவம்பரில் ரீட் முதலாம் நியூயார்க் தொண்டர் படையில் இரண்டாம் நிலை லெப்டினன்டாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு மெக்சிகோ சென்றார். 1847 செப்டம்பர் 13 அன்று மெக்சிகோ நகரின் நுழைவாயில் போல் ஒரு குன்றின்மேல் நின்ற சாபுல்டெபெக் கோட்டையை அமெரிக்கப் படை தாக்கியது. ஏறிய வீரர்கள் மதிலருகே தயங்கி நின்றபோது, ரீட் முன்னே பாய்ந்து மற்றவர்களை அழைத்துச் சென்றார். தொடையில் குண்டு பாய்ந்து விழுந்தார். இதுவரை தங்கள் கட்டுரையிலும் உள்ளது. ஆனால் அந்தக் கோட்டை அப்போது மெக்சிகோவின் இராணுவக் கல்லூரி. அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவர்களில் சிலர் பின்வாங்காமல் நின்று போரிட்டு மடிந்தார்கள். அவர்களுள் ஆறு பேரை மெக்சிகோ இன்றும் 'வீரச் சிறுவர்கள்' என்று பெயர் சொல்லிப் போற்றுகிறது. அவர்களில் இளையவனுக்கு ஏறத்தாழ 13 வயது. மூத்தவருக்கு 19 வயது. குன்றின் அடிவாரத்தில் அவர்களுக்காக ஆறு தூண்கள் கொண்ட நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 13 அன்று அங்கே மரியாதை செலுத்தப்படுகிறது.

அதே நாள் காலையில் இன்னொரு கொடுமையும் நடந்தது. அமெரிக்கப் படையிலிருந்து விலகி மெக்சிகோவின் பக்கம் சேர்ந்த புனித பேட்ரிக் படைப்பிரிவினரில், அயர்லாந்துக்காரர்கள் பலர் உட்பட 30 பேரைத் தூக்குக் கயிற்றின் கீழ் நிறுத்தி வைத்திருந்தார்கள். கோட்டையில் அமெரிக்கக் கொடி ஏறும் கணத்தில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு பக்கம் அயர்லாந்திலிருந்து வந்த லெப்டினன்ட் மதிலடியில் இரத்தத்தில் கிடக்கிறார். பார்வைக்கு எட்டும் தொலைவில் அவருடைய நாட்டவர்கள் கயிற்றில் தொங்குகிறார்கள். நடுவே பதின்ம வயது மாணவர்கள் இறந்து கிடக்கிறார்கள். அந்தப் போரின் முடிவில், 1848-ல் கையெழுத்தான குவாடலூப் இடால்கோ ஒப்பந்தத்தின்படி மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. இத்தனையும் இருக்கும்போது, அந்நாளை ஒரு வீரரின் துணிச்சலாக மட்டும் மாணவர்களுக்குச் சொல்வது நியாயமாகாது. ரீட் துணிச்சலானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு காலத்தில் பள்ளி நடத்தியவர், இன்னொரு பள்ளியின் மதிலில் ஏறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்கிறேன்.

சிறு திருத்தம் ஒன்று. கட்டுரை அவரைக் கேப்டன் என்கிறது. அவர் நூல்களின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். படைப் பதிவுகளின்படி அவர் எட்டிய பதவி முதல்நிலை லெப்டினன்ட். தம் வாழ்க்கைக்குக் கொஞ்சம் மெருகு ஏற்றிச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. பிலடெல்பியாவில் அவருக்கு நண்பராக இருந்த அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, இவர் சொல்லும் பொய்களின் கலைநயத்துக்காகவே காது கொடுத்துக் கேட்பதாகக் கூறினாராம். அந்த நண்பர் இறந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும் அவர் பெயருக்கு இழுக்குச் சேர்த்தவர்களை எதிர்த்து, 1869-ல் தாம் இளைஞர்களுக்காக நடத்திய 'ஆன்வர்ட்' இதழில் ரீட் கட்டுரை எழுதினார். நன்றி மறவாத மனிதர்.

போருக்குப் பின்னர், 1849-ல் பவேரியப் புரட்சிக்கு உதவப் புறப்பட்டு, காலம் கடந்துவிட்டதால் அயர்லாந்துக்கே திரும்பி, மெக்சிகோ அனுபவத்தை நாவலாக்கினார். அது 1850-ல் லண்டனில் வெளிவந்தது. அதற்கு மேல் நூல்கள் வரிசையாக வந்தன. 1860-களின் நடுவில் வெளியான 'தலையில்லாக் குதிரை வீரன்' அவற்றுள் மிகவும் பேசப்பட்டது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட், சிறுவனாக இருந்தபோது நியூயார்க் சந்தையில் பலகைமீது கிடத்தப்பட்டிருந்த ஒரு கடல்நாயைக் கண்டு, ரீடின் கதைகள் கண்முன் உயிர்பெற்றது போல் உணர்ந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ருஷ்யாவில் அவர் புகழ் இன்னும் பெரிது. செகாவின் 'சிறுவர்கள்' கதையில், கலிபோர்னியாவுக்கு ஓடிப்போகத் திட்டமிடும் பையன், வீட்டுச் சிறுமியிடம் மேய்ன் ரீட் படித்திருக்கிறாயா என்றுதான் கேட்கிறான். ஆங்கில இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் ஒருவர், அயல்மொழியில் இப்படி வீட்டுப் பெயராக வாழ்ந்தார் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. சிவகாசியில் அச்சாகும் சித்திரக் கதைகள் வழியாக டெக்சஸ் பாலைவனமும் குதிரை வீரர்களும் நம் வாசகர்களுக்கு நெடுங்காலமாகப் பழகியவைதான். அந்த நிலத்தைக் கதைக்களமாக்கியவரின் எழுத்துக்கு இங்கே வாசகர் பஞ்சம் வராது.

அப்படி மொழிபெயர்ப்போர் ஒன்றைச் செய்ய வேண்டும். 1856-ல் வெளியான 'குவாட்ரூன்' நாவலில் அடிமை வணிகத்தின் கொடுமையைக் காட்டிய அதே கைதான், அமெரிக்கப் பழங்குடியினரைப் பல கதைகளில் வெறும் காட்டுமிராண்டிகளாக எழுதியது. ஒஸ்ஸாருவின் அறிவில்லாவிட்டால் அந்த இரு சகோதரர்களும் முதல் காட்டையே தாண்டியிருக்க மாட்டார்கள்; ஆனாலும் கதை அவரை வேலைக்காரராகவே நடத்துகிறது. இந்தப் பகுதிகளை வெட்டி எறியாமல், பக்கத்தின் அடியில் தெளிவான குறிப்போடு மாணவர் கையில் கொடுக்க வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியும். புரிந்ததை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன்.

அவருடைய கடைசி ஆண்டுகள் துயரமானவை. கெரார்ட்ஸ் கிராஸ் என்னும் ஊரில் மெக்சிகோப் பண்ணை வீட்டின் சாயலில் மாளிகை கட்டிக் கடனாளியாகி, 1866-ல் திவாலானார். சாபுல்டெபெக்கில் பட்ட காயம் 1870-ல் மீண்டும் வேதனை கொடுக்கத் தொடங்கி, நியூயார்க் மருத்துவமனையில் பல நாள் படுக்க வைத்தது. பிறகு இங்கிலாந்து திரும்பி, ஊன்றுகோலுடன் நடந்து, ஆடு வளர்த்து, உருளைக்கிழங்கு பயிரிட்டு, எழுதிக்கொண்டும் இருந்தார். 1883 அக்டோபர் 22 அன்று லண்டனில் காலமானார். அவர் வாழ்க்கையை முதன்முதலில் நூலாக எழுதியவர் அவர் மனைவி எலிசபெத்.

எனவே, வரும் வாரங்களில் இதே மாணவர் இணைப்பில் இன்னொரு பக்கம் ஒதுக்கி, பாலிரோனி முதல் நாஷ்வில் வழியாக மெக்சிகோ நகரம் வரை ஒரு வரைபடத்தோடும், சாபுல்டெபெக் மாணவர்கள் ஆறு பேரின் பெயர்களோடும், பனை அத்தியாயத்தின் ஒரு பகுதியைத் தமிழில் தந்தும் அந்தக் கட்டுரையை நிறைவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரக் கட்டுரையை நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அதன் வலப்பக்கத்தில் ஒரு தாளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.