சுண்ணாம்பு தடவாத கலயம்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வழக்கம்போல வந்து உட்கார்ந்துகொண்டது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன மாதம் நீ இங்கே இருந்த இரண்டு நாளும் பார்த்தேன். போன் மணி அடித்தாலே உன் தோள் ஒடுங்கிப்போகிறது. என் குரலும் அதே போனுக்குள்ளிருந்துதானே வரவேண்டும்? அதனால் கருப்பட்டிப் பார்சலுக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். மருமகள் பிரித்தால் அவளும் வாசிக்கட்டும். ஒளித்து வைக்காதே.

போனில் பணம் வைத்து ரம்மி ஆடி நீ வாங்கின கடனைக் கேட்கிறவர்கள் இப்போது எனக்கும் பேசுகிறார்கள். ஒருவன், உன் படத்தைப் போட்டு ஊர் முழுக்க அனுப்பிவிடுவேன் என்றான். "அனுப்பு தம்பி, நல்ல படமாகப் பார்த்து அனுப்பு. அவனைப் பார்த்து நாளாயிற்று என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள்" என்றேன். வைத்துவிட்டான். வைத்த பிறகு எனக்குக் கை நடுங்கியதையும் சொல்லிவிடுகிறேன். இப்படி மிரட்டுகிறவர்கள்மேல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். நீ செய்தாயா? செய்திருக்கமாட்டாய். புகார் கொடுத்தால் எவ்வளவு கடன், யாரிடம் என்று சொல்லவேண்டி வருமே.

எவ்வளவு கடன், ராசா? மூன்று முறை கேட்டேன். முதல் முறை நான்கு லட்சம் என்றாய். அடுத்த முறை "ஆறு இருக்கும்" என்றாய். மூன்றாம் முறை, "கர்த்தரிடத்தில் ஒப்புக்கொடுத்துவிட்டேன் அம்மா, அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி எழுந்துபோய்விட்டாய். அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் இதை எழுதவைக்கிறது. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருவன் கர்த்தருடைய பெயரை எதற்கு முன்னால் திரையாகத் தொங்கவிடுகிறான் என்று எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். உன் அப்பா குடித்ததே இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். சபையின் சேகரக் கமிட்டியில் இருந்த மனிதர், வெள்ளை வேட்டி, ஆலயத்தில் இரண்டாவது வரிசை. நீ பார்த்தது அவரைத்தான். நீ பிறப்பதற்கு முன்னும், பிறந்து நான்கு வயது ஆகும் வரையிலும் இந்த வீட்டில் இருந்தவர் வேறு ஒருவர்.

அப்போது முப்பது பனை ஏறிக்கொண்டிருந்தார். பனையேறி பிள்ளையானாலும் நீ படிப்புக்குப் போய்விட்டாய், அதனால் சொல்கிறேன். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது, கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவவேண்டும். தடவினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் வெயில் ஏறும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும், கள்ளாகிவிடும். மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான், வடிவதும் ஒன்றுதான். நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. உன் அப்பா இருபத்தொன்பது மரத்துக் கலயத்தில் ஒழுங்காகத் தடவுவார். செம்மணல் மேடான தேரியின் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு பனையில் மட்டும் தடவமாட்டார். 1987இல் அரசு கள்ளுக்குத் தடை போட்டபோது நான் முழங்கால்படியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஒற்றைப் பனைக்கு அரசாணை வந்து சேரவே இல்லை.

ஒவ்வொரு வருஷமும் கன்வென்ஷன் கூட்டத்தில் முன்னால் போய் முழங்காலில் நின்று அழுவார். பொய் அழுகை என்று சொல்லமாட்டேன், உண்மையாகவே அழுதார். எழுந்து சாட்சி சொல்வார், சபை அல்லேலூயா என்று ஆர்ப்பரிக்கும். இந்த ஊரில் மூன்று முறை இரட்சிக்கப்பட்டவர் உன் அப்பா ஒருவர்தான் என்று உன் அத்தை கேலி செய்வாள். நானும் உபவாசம் இருந்தேன், முழு இரவு ஜெபத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து வந்த பத்தாம் நாள் அந்தப் பனையில் ஏறிவிடுவார்.

1994இல் ஒரு பங்குனி மாதம். நீ காய்ச்சலில் கிடந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவரைத் தேடினேன். பனையடியில் கிடந்தார். நான்தான் உன்னைத் தோளில் போட்டு பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அவர் எதுவும் பேசவில்லை. அன்று சாயங்காலம் ஊரில் இன்னொரு பனையேறியைக் கூட்டி வந்து, அந்த மரத்தை அவருக்குப் பாட்டத்துக்கு, குத்தகையாக, கொடுத்துவிட்டார். எதற்கு என்று வந்தவர் கேட்டதற்கு, "அதில் ஏறினால் நான் செத்துப்போவேன்" என்று உன் அப்பா என் முன்னால் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் அதை அவர் வாயால் அதுவரை யாரும் கேட்டதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து பதநீர் காய்ச்சும் விடிலிக்கு வரும் ஒவ்வொரு குடத்திலும் காய்ச்சுவதற்கு முன்னால் நீ வாய்வைத்துப் பார்" என்றார். ஐந்து வருஷம் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் தினமும் குடத்தை நீட்டினார்.

ஜெபத்தை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. முன்பைவிட அதிகமாக ஜெபித்தார். இருட்டோடு எழுந்து பனைக்குப் போவதற்கு முன்னால், அரிவாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வரி சொல்வார். "இன்றைக்கு மட்டும், ஆண்டவரே" என்பது அதில் ஒரு வரி. அந்த ஆடியில் ஒரு கலியாண வீட்டில் மறுபடி குடித்து விழுந்துவிட்டார். இதையும் மறைக்கமாட்டேன். உன் மைத்துனன் சொல்கிறானே, மனவுறுதி இருந்தால் போதும், கடவுள் எதற்கு என்று. மனவுறுதியை மட்டும் நம்பியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். தன் உறுதியைத் தானே உடைத்துவிட்டவன் மறுநாள் எதைப் பிடித்து எழுந்திருப்பான்? அவர் மறுநாள் காலையிலும் அதே திண்ணையில் உட்கார்ந்து அதே இரண்டு வரியைச் சொன்னார். மன்னிக்கப்பட்டவன் என்ற நம்பிக்கை இருந்தால்தான் விழுந்த மறுநாளும் மரம் ஏறமுடியும். பதநீரை நாம் யாரும் உண்டாக்கவில்லை, மரம் கொடுக்கிறது என்பார். ஆனால் நாலு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும், அப்புறம் அழுதாலும் சொட்டாது என்றும் அவரேதான் சொல்வார். பிலிப்பியர் நிருபத்தில் பவுல், "இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறாரே. அது எப்படி இரண்டும் ஒன்றாகும் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் என்னைக் கேட்டபோதெல்லாம் நான் பனையைத்தான் காட்டினேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்த அன்று நீ போனில், "ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது அம்மா" என்றாய். எனக்கு 1987 ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. மூன்று மாதத்துக்குள் வேறு ஒரு வாசலைக் கண்டுபிடித்துவிட்டாய் என்று இப்போது தெரிகிறது. இன்னொன்றும் தெரியும். ஆறு மாதத்தில் உன் கடன் பறந்துபோகும், விதைக் காணிக்கை போடு, நூறு மடங்கு வரும் என்று யாரோ ஒருவர் உனக்குத் தீர்க்கதரிசனம் சொன்னார். நீ பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கிப் போட்டாய். கொஞ்சம் வைத்தால் நூறு மடங்கு வரும் என்பதுதானே ரம்மிக்காரனும் உனக்குச் சொன்னது? இந்த முறை சீட்டுக்கட்டுக்குப் பதிலாக வேதப்புத்தகத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

கடனுக்கு வேதத்தில் ஒரு அற்புதம் இருக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரம். ஒரு விதவை. புருஷன் செத்துப்போனான், கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். எலிசா தீர்க்கதரிசி கடன்கொடுத்தவனிடம் போய்ப் பேசவில்லை. பணமும் வரவழைக்கவில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்கிறார். முதலில் கணக்கு. ஒரு குடம் எண்ணெய் என்று அவள் ஒளிக்காமல் சொல்கிறாள். அப்புறம், அயல்வீடுகளில் போய் வெறும் பாத்திரங்கள் வாங்கி வா, கொஞ்சமாக அல்ல, நிறைய வாங்கு என்கிறார். சின்ன வயதில் நான் எண்ணெயைப் பார்த்து ஆச்சரியப்படுவேன். இப்போது அவள் தெருவில் நடந்துபோனதைத்தான் நினைக்கிறேன். கடன்பட்ட வீட்டுக்காரி கதவு கதவாகத் தட்டிப் பாத்திரம் கேட்டால், எதற்கு என்று நாலு பேர் கேட்டிருக்கமாட்டார்களா? பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றுபோயிற்று. அதோடும் முடியவில்லை, போய் விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் பிழைத்துக்கொள் என்று அனுப்புகிறார். சந்தைக்குச் சுமந்துபோனவளும் அவளேதான். கருப்பட்டி சுமந்த எனக்கு அந்தச் சுமையின் கனம் தெரியும்.

நீ ஒரு பாத்திரமும் கொண்டுவரவில்லை, ராசா. மருமகளுக்கு இன்றுவரை தெரியாது.

அதில் என் பங்கும் இருக்கிறது. போன ஆடியில் என் வளையல் இரண்டையும் அடகு வைத்து எண்பதாயிரம் அனுப்பினேன். அவளிடம் சொல்லவேண்டாம் என்றாய், சொல்லவில்லை. பெற்ற வயிறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் அப்பா குடத்தை நீட்டியபோது வாய்வைத்துப் பார்த்தவள், நீ நீட்டாமல் மறைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதற்காகக் கர்த்தரிடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மருமகளிடம் நேரில் கேட்கப்போகிறேன்.

இனி என்னிடமிருந்து பணம் வராது. வீட்டுப் பத்திரத்தையும் கேட்காதே. இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனால் நான் வருவேன். டிசம்பர் முதல் வாரம் செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறது. வரும்போது கோடு போட்ட நோட்டு ஒன்று கொண்டுவருகிறேன். அதில் யாரிடம், எவ்வளவு, எத்தனை வட்டி என்று நீ எழுதவேண்டும், மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும், சபை நடத்தும் உங்கள் ஐயர் இருந்தாலும் நல்லது. சம்பளம் விழும் கணக்கின் கார்டை அவளிடம் கொடு. போனை மாற்றி, பேச மட்டும் ஆகிற சின்னப் போன் ஒன்று வாங்கு. உன் அப்பா மரத்தையே கொடுத்தார், நீ ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுக்கக்கூடாதா? அலுவலகத்துக்கு அது வேண்டும் என்பாய். அலுவலகத்தில் வைத்துவிட்டு வா.

போன மாதம் இராச் சாப்பாட்டில், இருந்து என்ன பிரயோஜனம் என்று ஒரு வார்த்தை சொன்னாய். நான் கேட்காததுபோல ரசம் ஊற்றினேன். கேட்டேன். அந்த நினைப்பு திரும்ப வந்தால், இராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் பேசு. என்னிடம் சொல்லமுடியாவிட்டால் 14416 என்ற எண்ணில் அரசாங்கம் ஆள் வைத்திருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரிடம் போவதும் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்கா வைத்தியர்தானே என்று கேள்.

கருப்பட்டி, அத்தையின் விடிலியில் ஆனியில் காய்ச்சியது. பத்துச் சிரட்டை இருக்கிறது. மழைக்காலம், வெளியில் வைத்தால் கசிந்துவிடும். ஈரம் படாத டப்பாவில் போட்டு மூடி வை. சின்னவளுக்குக் காப்பியில் கொடுக்கலாம். இரண்டு சிரட்டையை உடைக்காமல் வைத்திரு, நான் வரும்போது பணியாரம் சுடுகிறேன்.

அம்மா