மூன்று முக்கு சதுரம், ஒரு முக்கு வட்டம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு. ஒரு மாதத்துக்கு வெயிலிலும் தூசியிலும் சைட்டுக்குப் போய் நிற்காதே. இங்கே இங்கிலாந்தில் மகளும் பேரனும் சௌக்கியம். பேரனுக்கு நேற்றோடு 40 நாள். குளிப்பாட்டும்போது மட்டும் ஊரைக் கூட்டுகிறான். மற்ற நேரம் சமர்த்து.

உன் வீட்டு ஈசானிய மூலையில் விரிசல் விட்டிருக்கிறது, இடித்துக் கட்டவா, பூசி மறைக்கவா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். பத்து நாளாக என் மனசு முழுக்க வேறொரு மூலைதான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உன் மூலைக்கு வருகிறேன்.

மகள் வீட்டிலிருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்தில் ரோச்செஸ்டர் என்று ஓர் ஊர். கெண்ட் பகுதி, மெட்வே ஆற்றங்கரை. ரோமானியர் போட்ட பழைய சாலை ஆற்றைக் கடக்கிற இடம் அது. ஆற்றைக் கடப்பவனை நிறுத்த வேண்டுமானால் அங்கேதான் நிறுத்த வேண்டும். 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்த கையோடு இப்படிப்பட்ட இடங்களில்தான் கோட்டை போட்டார்கள். முதலில் மண்மேடும் மரவேலியும், பிறகு கல். ரோச்செஸ்டரில் வெளி மதிலைக் கட்டியவர் கண்டல்ஃப் என்ற பிஷப். 1080-களின் கடைசியில் 60 பவுண்ட் செலவில் முடித்தார். லண்டனில் இருக்கிற வெள்ளைக் கோபுர வேலையை மேற்பார்த்தவரும் அவர்தான்.

ஆனால் ரயில் பாலத்தைத் தாண்டும்போதே கண்ணில் விழுவது மதில் இல்லை, நடுவில் நிற்கிற பெருங்கோபுரம். இங்கே அதைக் ‘கீப்’ என்கிறார்கள். 1127-ல் முதலாம் ஹென்றி மன்னர் இந்தக் கோட்டையைக் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டி கோர்பெயில் கையில் கொடுத்தார். அவர் எழுப்பியது இது. பக்கத்துக்கு 70 அடி, உயரம் 113 அடி. அதற்கு மேலும் முக்குக் கோபுரங்கள் 12 அடி போகின்றன. இங்கிலாந்தில் நிற்கிற நார்மன் கீப்களில் இதுதான் உயரம். அடியில் சுவர் 12 அடி கனம். 12 அடியும் செதுக்கிய கல் இல்லை. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். வெளிக்கல் அந்தப் பக்கத்துக் கரடுமுரடான கடினச் சுண்ணாம்புக்கல். உளிக்கு லேசில் மசியாது. அதனால் முக்குக்கும் ஜன்னலுக்கும் வளைவுக்கும் நார்மண்டியிலிருந்து கான் நகரத்துக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்திருக்கிறார்கள். நேர்விளிம்பு வேண்டிய இடத்துக்கு நல்ல கல், நிரப்புகிற இடத்துக்கு உள்ளூர்க் கல். நாம் படித்த கணக்கேதான். ஓர் இடத்தில் முகக்கல் விழுந்து உள்காரை தெரிந்தது. விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ஒரு பொடிகூட உதிரவில்லை.

உள்ளே போனால் கூரையும் இல்லை, தளமும் இல்லை. கீழே நின்று அண்ணாந்தால் நேரே வானம். சுவரில் வரிசை வரிசையாக விட்டம் சொருகிய குழிகள், அதிலெல்லாம் புறா. அந்தக் குழி வரிசையை வைத்துத்தான் இங்கே ஒரு மாடி, இங்கே ஒரு மாடி என்று எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தரத்தில் ஓர் அடுப்பு தெரிகிறது, குளிர் காய்ந்த அடுப்பு. அதன் முன்னால் யாரோ உட்கார்ந்திருந்த தளம் மட்டும் இல்லை. வளைவுகளில் நெளிநெளியாகச் செதுக்கிய வேலைப்பாடு இன்னும் கூர்மையாக இருக்கிறது.

உனக்குக் கிணறு என்றால் உயிராயிற்றே, இதைக் கேள். கீப்பை நடுவில் இரண்டாகப் பிரிக்கிற குறுக்குச் சுவர் ஒன்று அடியிலிருந்து உச்சிவரை போகிறது. கிணற்றுக் குழாயை அந்தச் சுவரின் கனத்துக்குள்ளேயே மேலே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு திறப்பு. எந்தத் தளத்தில் நின்றாலும் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தலாம். 900 வருஷத்துக்கு முன்னால்! நான் அந்தத் திறப்பில் தலையை நீட்டி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மருமகன் வந்து தோளைத் தொட்டார்.

சுழல்படியைப் பற்றி ஒரு கதை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். ஏறுகிற எதிரி வலது கையால் வாளை வீச முடியாதபடி வலம் சுற்றிக் கட்டினார்களாம். இப்போதைய வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. இடம் சுற்றும் படிகளும் கோட்டைகளில் இருக்கின்றன. எனக்கும் அது மனசுக்குப் பிடிபடவில்லை. எதிரி படிவரைக்கும் வந்துவிட்டால் கோட்டை அப்போதே போன மாதிரிதான்.

சரி, மூலைக்கு வருகிறேன். 1215 ஜூன் மாதம் ஜான் மன்னரை மடக்கி மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள் பிரபுக்கள். அது சில மாதம்கூடத் தாங்கவில்லை. சண்டை மூண்டது. வில்லியம் டி ஓபினி என்பவர் தலைமையில் ஒரு கூட்டம் ரோச்செஸ்டரைப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. லண்டனும் எதிரிகள் கையில். அக்டோபரில் ஜான் வந்து சூழ்ந்தார். கல்லெறி பொறிகளை நிறுத்தி இரவு பகலாக எறிந்து பார்த்தார். கீப் அசையவில்லை. அப்புறம்தான் மண்ணுக்கு அடியில் போனார்.

தென்கிழக்கு முக்குக்குக் கீழே சுரங்கம். கடைக்காலின் அடிமண்ணைத் தோண்டத் தோண்ட மரத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் தோண்டுகிறவன் தலையிலேயே சுவர் இறங்கும். அதுவரை நாம் அஸ்திவாரத்துக்கு அடியில் செய்கிற வேலையும் அவர்கள் செய்ததும் ஒன்றுதான். கடைசியில்தான் வித்தியாசம். நாம் முட்டுகளை எடுக்கும் முன்பு கான்கிரீட் போடுவோம். அவர்கள் முட்டுக்கே தீ வைத்தார்கள்.

அந்தத் தீக்கு ஜான் என்ன கேட்டார் தெரியுமா? நவம்பர் 25-ஆம் தேதி, அரசின் தலைமை அதிகாரி ஹ்யூபர்ட் டி பர்க்குக்கு எழுதிய கடிதம் இன்றும் ஆவணத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு அவ்வளவாக உதவாத கொழுத்த பன்றிகள் 40, இரவு பகல் பாராமல் அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் தீ மூட்ட வேண்டும் என்று. கொழுப்பு பட்டு முட்டுகள் எரிந்தன. 12 அடிச் சுவர் கொண்ட முக்கு மொத்தமாகச் சரிந்தது.

அப்போதும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. நான் சொன்ன குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கிணறு சுவரிலேயே இருந்ததால் தண்ணீருக்குக் கவலை இல்லை. சோறுதான் இல்லை. குதிரைகளை அடித்துத் தின்று தீர்த்தார்கள். நவம்பர் 30-ஆம் தேதி வெளியே வந்தார்கள். ஜான் எல்லாரையும் தூக்கில் போடச் சொன்னார். நாளைக்கு நம் ஆட்கள் அவர்களிடம் சிக்கினால் இதே கதிதானே என்று அவருடைய தளபதி ஒருவர் சொல்லித் தடுத்தார். ஒரே ஒரு வில்லாளியை மட்டும் தூக்கிலிட்டார்கள். சின்ன வயசிலிருந்து மன்னர் உப்பைத் தின்று வளர்ந்தவனாம். தண்ணீர் வாளி இறங்கிய திறப்பைக் கையால் தடவிவிட்டு வந்த எனக்கு, அந்த ஆளின் நினைப்பு இரண்டு மூன்று நாள் விடவே இல்லை.

ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி காலத்தில் அந்த முக்கைத் திரும்பக் கட்டினார்கள். பழையபடி சதுரமாக இல்லை, வட்டமாக. இன்று வெளியே நின்று பார்த்தால் மூன்று முக்கு சதுரக் கோபுரம், தென்கிழக்கில் மட்டும் உருண்டைக் கோபுரம். வட்டச் சுவரில் எறிகல் சறுக்கும். தோண்டுகிறவன் பிளந்து எடுக்க நீட்டிக்கொண்டிருக்கும் முக்குக்கல்லும் இருக்காது. மேலே நிற்பவனுக்கு மறைவிடம் இல்லாமல் கீழே முழுக்கத் தெரியும். பட்ட காயத்தை அவர்கள் மறைக்கவே இல்லை. கிட்டத்தட்ட 800 வருஷமாக அது அப்படியே ஊருக்குத் தெரிய நிற்கிறது. எனக்கு அந்த முழுக் கட்டடத்திலேயே அதிகம் பிடித்தது அந்தப் பொருந்தாத முக்குதான்.

அடுத்த ஞாயிறு டோவருக்குப் போனோம். ரோச்செஸ்டர் கதையின் மீதி அங்கே இருக்கிறது. கடலோர வெள்ளைப் பாறை மேல் பெரிய கோட்டை. 1180-களில் இரண்டாம் ஹென்றி கட்டிய கீப்பின் சுவர் சில இடங்களில் 21 அடி கனம். கட்டியவர் பெயரும் கணக்கேட்டில் இருக்கிறது, பொறியாளர் மாரிஸ். 1216-ல் பிரெஞ்சு இளவரசர் லூயி படையோடு வந்து டோவரைச் சூழ்ந்தார். உள்ளே இருந்து காத்தவர் யார் தெரியுமா? பன்றிக் கடிதம் யாருக்குப் போனதோ, அதே ஹ்யூபர்ட் டி பர்க். லூயியின் ஆட்கள் வடக்கு வாசலுக்கு அடியில் தோண்டினார்கள். அங்கே மண் எல்லாம் சுண்ணப்பாறை, வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். இரட்டைக் கோபுரத்தில் ஒன்று சரிந்தது. ஹ்யூபர்ட் ஆட்கள் ஓட்டையில் மரத்தடிகளை அடுக்கி அடைத்து நின்றுவிட்டார்கள். அக்டோபரில் ஜான் இறந்துபோனார். டோவர் கடைசிவரை விழவில்லை. பிறகு 1220-களில் அந்த வாசலையே ஒரேயடியாக மூடி, அகழிக்குள் ஒரு கோபுரம் எழுப்பி, மேற்கே உருண்டை முகம் கொண்ட புது வாசல் கட்டினார்கள். விழுந்த இடத்தைப் பார்த்து அடுத்ததைக் கட்டியிருக்கிறார்கள்.

போடியம் கோட்டைக்கும் ஒரு நாள் போனோம். 1385-ல் அனுமதி வாங்கிக் கட்டியது. நாலு முக்கும் உருண்டை, சுற்றி அகலமான அகழி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அது சண்டைக்கா, கௌரவத்துக்கா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தண்ணீரில் நிழல் விழுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கௌரவத்துக்கென்றுதான் படுகிறது. பேரனை அகழிக்கரையில் வைத்துப் போட்டோ எடுத்தோம், ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

இனி உன் மூலை. முதலில் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு ஓரத்திலும் சிமென்ட் வைத்து ஒட்டு. பக்கத்தில் தேதியை எழுது. கண்ணாடி உடைந்தால் கடைக்கால் இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். உடையாவிட்டால் அவசரம் இல்லை. அந்த மூலைப் பக்கம் குளியலறைத் தண்ணீர் போகிற குழாய் இருக்கிறதே, அது கசிகிறதா என்று பார். என் சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். அடியில் கட்டவேண்டி வந்தாலும் மூலை முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டவிடாதே. மேஸ்திரி ஒரே நாளில் முடிக்கிறேன் என்பார், கேட்காதே. 4 அடிக்கு மேல் ஒரு நேரத்தில் திறக்கக் கூடாது. ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு அடுத்தது.

அடுத்த மாதம் இரண்டாவது வாரம் ஊருக்கு வருகிறேன். அதுவரை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காதே. கண்ணாடி என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ராஜகோபால்