எல்டன் டீன் வெறும் பெயர் கொடுத்தவரா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பிரிட்டிஷ் ஜாஸ் பற்றி வந்த கட்டுரையில் சாக்ஸபோன் கலைஞர் எல்டன் டீனுக்கு இரண்டே வரி. பாப் பாடகர் எல்டன் ஜான் தன் பெயரின் முதல் பாதியை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்பது ஒன்று. சரிதான், இருவரும் புளூசாலஜி குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். டீன் அப்புறம் சாஃப்ட் மெஷின் என்ற ராக்-ஜாஸ் குழுவில் வாசித்ததைக்கூடக் கட்டுரை சொல்லவில்லை.

இரண்டாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அவருடைய 'நைன்சென்ஸ்' குழுவின் பிபிசி பதிவுகளை 'மிச்சம் மீதி' என்கிறது கட்டுரை. அந்தக் குழுவுக்கு அப்போது வந்ததே 1976, 1977இல் இரண்டு இசைத்தட்டுகள்தான். அவற்றை வெளியிட்ட ஆகுன் நிறுவனமோ, குழுவின் டபுள் பாஸ் கலைஞர் ஹாரி மில்லரும் அவர் மனைவி ஹேசலும் கைக்காசு போட்டு நடத்திய சின்னக் கடை மாதிரிதான். பேருக்கேற்றபடி ஒன்பது பேர். இத்தனை பேரை ஒன்றாக உட்காரவைத்துச் சம்பளமும் கொடுக்க வானொலியை விட்டால் யார் இருந்தார்கள்?

அதற்கும் ஒரு காரணம் உண்டு. இசைத்தட்டுகளை இத்தனை மணி நேரம்தான் ஒலிபரப்பலாம் என்று பிபிசிக்கு அன்று 'நீடில் டைம்' கட்டுப்பாடு இருந்தது. மீதி நேரத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு வாசிக்கவைக்க வேண்டும். கட்டுத்திட்டம் இல்லாமல் அந்தந்த நேரத்துக் கற்பனையில் வாசிக்கும் ஃப்ரீ ஜாஸுக்குக் கதவு திறந்ததில் ரசனையோடு இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

ஹக்ஸ் நிறுவனம் பிற்பாடு வெளியிட்ட குறுந்தகட்டில் அந்தப் பதிவுகளைக் கேளுங்கள். இரண்டு சாக்ஸபோன், இரண்டு டிராம்போன், ட்ரம்பெட், கார்னெட் என ஆறு ஊதுவாத்தியங்கள் ஒரே மெட்டைப் பிடித்தும் பிடிக்காமலும் இழுத்துக்கொண்டு போகும். அடியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த லூயிஸ் மொஹோலோவின் ட்ரம்ஸ் கொதிக்கும். கீத் டிப்பெட்டின் பியானோ குறுக்கே பாயும். டீன் கையில் சாக்ஸெல்லோ. கழுத்து வளைந்து, ஒலி வெளிவரும் வாய் முன்பக்கம் திரும்பிய சோப்ரானோ சாக்ஸ் அது. அதன் மூக்கொலி நாகஸ்வரம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமே இல்லை.

ஒலிபரப்பு முடிந்ததும் நாடாவை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது பிபிசியில் அன்று சகஜம். அப்படியும் தப்பிப் பிழைத்த பதிவுகளை மிச்சம் மீதி என்றால் எப்படி?

டீன் 2006இல் காலமாகிவிட்டார். அடுத்த இதழில் அவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள்.

நெடுநாள் வாசகன்